கைக்கு ஒரு தொழில்: வீட்டிலேயே டிக் வெல்டிங் பயிலலாமா?



பள்ளிப் படிப்பை முடித்த மகன் ஒருவன், "ஒரு வெல்டிங் மெஷின் வாங்கித் தாருங்கள். வீட்டிலேயே பழகி நான் முன்னுக்கு வந்துவிடுவேன்" என்று கேட்கின்றான் என வைத்துக்கொள்வோம். தந்தை என்ன விடை பகர்வது? வேண்டாம் என்று ஒரே சொல்லில் மறுத்தால் பிள்ளையின் ஆர்வம் கருகிப் போகும். சரி என்று தாயின் நகையை அடகு வைத்தோ, வட்டிக்குக் கடன் வாங்கியோ மெஷினை இறக்கிவிட்டால், மூன்றே மாதத்தில் அது மூலையில் துணி போர்த்திக் கிடக்கவும் கூடும். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு நல்வழி உண்டு. இம்மாதக் கட்டுரையில் அதனைக் காண்போம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சுருங்கச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் கை பழகும்; சான்றிதழும் அனுபவமும் வெளியில்தான் கிடைக்கும். ஆகவே முதலில் இடம், அடுத்து கண்ணுக்குக் காப்பு, அதன் பிறகே மெஷின். இந்த வரிசையை மாற்றாத குடும்பத்திற்கு இத்தொழில் பயன் தரும்.

ஏன் இந்தத் தொழில்?

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் இடமே ஒரகடம். ஏரியும் வயலுமாக இருந்த இவ்வட்டாரத்தின் முகம் மாறத் தொடங்கியது, 1996ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால் ஊன்றியபோதுதான். 1998இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. பின்னர் ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. இப்பேராலைகளைச் சுற்றி உதிரிப் பாகம் செய்யும் பட்டறைகள் பெருகின. இன்று தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், வட மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கு வந்து, வாடகை அறைகளில் நால்வர் ஐவராகத் தங்கி வேலை செய்கின்றனர்.

ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அடுத்திருக்கும் மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுத்த வேளை பற்றிக் கவலைப்பட நேர்ந்தது. ஓர் ஆலையின் ஒரு வரிசையில் ஒரே வேலையை மட்டும் பழகிய கைக்கு, அந்த வரிசை நின்றதும் வேறு வழி தெரிவதில்லை. எந்த ஊரிலும் எந்தப் பட்டறையிலும் செல்லுபடியாகும் ஒரு தொழிலைக் கற்ற கையோ ஆலை மூடினாலும் வெறுங்கையாவதில்லை. பிள்ளைக்கு ஒரு தொழில் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கார் ஆலைக்குள் காரின் உடலை ஒட்டுபவை பெரும்பாலும் இயந்திரக் கைகளே. அங்கு நடப்பது ஸ்பாட் வெல்டிங். கனமான இரும்புச் சட்டங்களுக்குப் பட்டறைகளில் சி.ஓ.2 வெல்டிங் பயன்படுகிறது. டிக் வெல்டிங்குக்கு உரிய இடம் வேறு. பால் பண்ணை, மருந்து ஆலை, உணவு ஆலை ஆகியவற்றின் எவர்சில்வர் குழாய்கள். மெல்லிய தகட்டுத் தொட்டிகள். தேய்ந்துபோன அச்சுகளைப் பழுதுபார்த்தல். ஓட்டல், திருமண மண்டபச் சமையற்கூடங்களின் மேசைகள். மாடிப்படிக் கைப்பிடிகள் ஆகியவையே அதன் களம். எங்கெல்லாம் மெல்லிய உலோகமும் சுத்தமான ஒட்டும் தேவையோ, அங்கெல்லாம் இக்கைத்தொழிலாளியைத் தேடுவார்கள். எனவே "கார் கம்பெனியில் சேர்ந்துவிடலாம்" என்ற ஒரே கனவோடு இதனைத் தொடங்க வேண்டாம்.

டிக் வெல்டிங் என்பது யாது?

நம் ஊர்ப் பட்டறைகளில் இதனை ஆர்கான் வெல்டிங் என்றே பெரிதும் அழைப்பர். தெருமுனைக் கிரில் பட்டறையில் நாம் காணும் ஆர்க் வெல்டிங்கில், கையில் பிடித்திருக்கும் ராடே உருகி ஒட்டாகிறது. புகையும் பொறியும் பறக்கின்றன. டிக் வெல்டிங்கில் டார்ச்சின் நுனியில் இருக்கும் டங்ஸ்டன் ஊசி உருகுவதில்லை. உலோகங்களிலேயே மிக உயர்ந்த வெப்பத்தில், ஏறத்தாழ 3,400 பாகை செல்சியசில் உருகுவது டங்ஸ்டன். அவ்வூசிக்கும் தகட்டுக்கும் இடையே எழும் மின்வில் தகட்டை உருக்கிச் சிறு குட்டையாக்குகிறது. மற்றொரு கையால் மெல்லிய ஃபில்லர் ராடை அக்குட்டையில் தொட்டுத் தொட்டு ஊட்ட வேண்டும்.

உருகிய உலோகத்தைக் காற்று தீண்டினால் அது கெட்டுவிடும். அதனைத் தடுக்கவே டார்ச்சின் வாயிலிருந்து ஆர்கான் வாயு குடைபோல் வெளிவந்து குட்டையை மூடுகிறது. நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாகவே ஆர்கான் இருக்கிறது. 1894இல் ராலே, ராம்சே என்னும் அறிஞர்கள் இதனைக் கண்டறிந்தனர். எதனோடும் சேர்ந்து வினை புரியாமல் சும்மா இருப்பதால், சோம்பேறி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டனர். அச்சோம்பேறித்தனமே இங்கு நமக்குக் காவலாகிறது!

1941இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரடித் என்பவர், மக்னீசிய உலோகத்தில் விமானம் செய்வதற்காக இம்முறையை உருவாக்கினார். எளிதில் தீப்பற்றும் அவ்வுலோகத்தை ஒட்ட அவர் முதலில் பயன்படுத்தியது ஹீலியம் வாயுவை. விமானத்திற்குப் பிறந்த தொழில் இன்று நம் அடுக்களை மேசை வரைக்கும் வந்திருக்கிறது.

முதலில் இடம்

மெஷின் விலையைக் கேட்கும் முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். படுக்கையறையிலோ, சமையலறையிலோ, கதவடைத்த சிறு அறையிலோ இப்பயிற்சி கூடவே கூடாது. ஆர்கான் காற்றைவிடக் கனமானது. நிறமும் மணமும் அற்றது. மூடிய அறையில் அது தரையோடு தேங்கி மூச்சுக்காற்றை விலக்கிவிடும். மயங்கி விழும் வரை ஆபத்து தெரியாது. கிணறு, தண்ணீர்த் தொட்டி, பள்ளம் ஆகியவற்றின் அருகே இன்னும் கவனம் தேவை. வேலை முடிந்ததும் சிலிண்டரின் வால்வைத் திருகி அடைத்தே ஆக வேண்டும்.

மறுபுறம், மின்விசிறியின் காற்று டார்ச்சின் மீது நேரே வீசினால் வாயுக்குடை கலைந்து ஒட்டில் துளைகள் விழும். நம் ஊர் வெயிலில் விசிறி இல்லாமல் முடியுமா என்பீர்கள். பக்கங்கள் திறந்த கொட்டகையே இதற்குத் தக்கது. வேலை மேசையைச் சுற்றி மட்டும் தகரத்தாலோ, தீப்பிடிக்காத திரையாலோ மூன்று பக்கம் மறைத்துக்கொண்டால், கொட்டகையில் காற்றோட்டமும் இருக்கும். குட்டையின் மீது காற்றும் படாது. அதே மறைப்பு, அண்டை வீட்டாரின் கண்களையும் காக்கும்.

வாடகை அறையில் தங்கியிருப்போருக்கும், நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்வோருக்கும் இவ்வசதி இராது. அவர்கள் மனம் தளர வேண்டாம். அருகிலுள்ள எவர்சில்வர் பட்டறை ஒன்றில் விடுமுறை நாள்களில் உதவியாளராக நின்றால், மெஷின் வாங்காமலே தொழில் கைவரும். உண்மையில் இவ்வழி வீட்டுப் பயிற்சியினும் சிறந்ததே.

கண்ணும் மூச்சும்

மின்வில்லிலிருந்து வரும் புறஊதாக் கதிர்கள் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். சுட்ட அப்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் எரிச்சல் எழும். வேலை செய்பவனுக்கு மட்டுமன்று. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த தம்பி தங்கையர்க்கும் இது நேரும். தாய்மார்களே! அந்நேரத்தில் கண்ணில் தாய்ப்பால் விடுவதும், உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவதும் வேண்டாம். கண்ணைக் கசக்காமல் மூடி வைத்து, கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் தாமாக வாங்கி விடுவது புண் ஆறுவதைக் கெடுக்கும்.

முகமூடிக் கண்ணாடி 10 அல்லது 11ஆம் எண் கருமை உடையதாக இருக்கட்டும். தானாகக் கருக்கும் ஹெல்மெட் வசதியானதே. எனினும் மலிவான சில ஹெல்மெட்டுகள் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் கருக்காமல் விட்டுவிடும். வாங்கும்போதே சோதித்துப் பார்க்க வேண்டும். கைகளுக்கு மெல்லிய தோல் உறை. உடலுக்குக் கழுத்தும் மணிக்கட்டும் மூடும் பருத்திச் சட்டை. காலுக்குச் செருப்பன்று, மூடிய தோல் காலணி. நைலான், பாலியஸ்டர் உடைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பெண்பிள்ளைகள் இதனைக் கற்பதில் தடை ஏதும் இல்லை; பொறுமையும் நுண்மையும் வேண்டும் இத்தொழில் அவர்களுக்கும் நன்கு பொருந்தும். ஆனால் முந்தானையும் துப்பட்டாவும் வேலை மேசையருகே தொங்கலாகாது. தலையை மூடுவதற்குப் பருத்தித் துணியை இறுகக் கட்டிக்கொள்ளலாம்.

டிக் வெல்டிங்கில் புகை கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே தீங்கில்லை என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல், வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது. எவர்சில்வரில் உள்ள குரோமியம் வெப்பத்தில் நச்சாக மாறக்கூடியது. தலையைக் குட்டைக்கு நேர் மேலே கவிழ்த்து வேலை செய்யும் பழக்கத்தை முதல் நாளே தவிர்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயிலும் தகட்டிலும் பழகவே கூடாது. அதன் புகை அன்றிரவே குளிர்காய்ச்சல் உண்டாக்கும். குளோரின் கலந்த எண்ணெய்நீக்கி மருந்துகளால் தகட்டைத் துடைத்துவிட்டு மின்வில்லை மூட்டினால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு எழும். முதல் உலகப் போரில் படைவீரரைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயுதான் அது. துடைப்பதற்கு அசிட்டோனே போதும். அதுவும் முற்றிலும் உலர்ந்த பின்னரே, பாட்டிலைத் தொலைவில் வைத்த பின்னரே மின்வில்லை மூட்ட வேண்டும்.

வாங்குமுன் அறிய வேண்டியவை

வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டில் இயங்கும் சிறிய இன்வெர்ட்டர் மெஷின்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. சென்னைப் பாரிமுனைக் கடைத்தெருக்களில் நேரில் பார்த்து வாங்குவது நல்லது. கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே.

முதலாவது, இது நேர்மின்னோட்டம் மட்டும் தரும் மெஷினா, மாறுமின்னோட்டமும் தருமா? நேர்மின்னோட்ட மெஷினில் இரும்பும் எவர்சில்வரும் ஒட்டலாம். அலுமினியம் ஒட்ட மாறுமின்னோட்டம் வேண்டும். தொடங்குவோருக்கு நேர்மின்னோட்டமே போதும். இரண்டாவது, ஊசியைத் தகட்டில் தொடாமலே மின்வில்லை மூட்டும் உயர் அதிர்வெண் வசதி உண்டா? அது இருந்தால் ஊசி கெடுவது குறையும். ஆயின் வீட்டில் இதயத்திற்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர் இருந்தால், மருத்துவரைக் கேளாமல் இம்மெஷினை வீட்டிற்குள் கொண்டுவர வேண்டாம். மூன்றாவது, மின்வில் அணைந்த பின்னும் சில நொடி வாயு வருமாறு அமைப்பு உண்டா?

சாதாரண ஐந்து ஆம்பியர் பிளக்கில் இதனைச் செருகுதல் கூடாது. தனி வயர், 16 ஆம்பியர் பிளக், தக்க எர்த், கசிவைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமைக்க வேண்டும். வியர்வையில் நனைந்த கையுறையோடு வேலை செய்யலாகாது. பிறரிடம் கூலி வாங்கி வேலை செய்யத் தொடங்கினால், வீட்டு மின் இணைப்பைப் பயன்படுத்தாமல் மின்வாரியத்தில் உரிய இணைப்பைக் கேட்டுப் பெறுவதே நேர்மை.

மெஷினைவிடத் தொடர்ந்து செலவு வைப்பது வாயுவே. பெரிய சிலிண்டரில் சுமார் 7 கனமீட்டர், அதாவது 7,000 லிட்டர் ஆர்கான் இருக்கும். நிமிடத்திற்கு 8 லிட்டர் செலவானால், ஏறக்குறைய 14 மணி நேரத்துக்கு மேல் மின்வில் எரியும். 1.5 கனமீட்டர் கொள்ளும் சிறு சிலிண்டரில் மூன்று மணி நேரமே வரும். ஆகவே ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் எரிப்பதாக இருந்தால் மாதத்திற்கு என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டு, அதற்குரிய பணம் கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வைக்க வேண்டும். அதன் தலை உடைந்தால் அது குண்டுபோல் பாயும்.

டங்ஸ்டன் ஊசியின் நுனியில் நிற அடையாளம் இருக்கும். கடைக்காரர் சிவப்பு நுனி ஊசியை எடுத்துத் தரலாம். அதில் தோரியம் கலந்துள்ளது; அது கதிரியக்கம் உள்ளது; தீட்டும்போது எழும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பொன்னிறம் அல்லது நீலநிற நுனியுள்ள லாந்தனம் கலந்த ஊசியையோ, சாம்பல்நிற நுனியுள்ள சீரியம் கலந்த ஊசியையோ கேட்டு வாங்குங்கள். 1.6 மில்லிமீட்டர் பருமன் தொடக்கத்திற்குப் போதும். 304 வகை எவர்சில்வருக்கு 308எல் ஃபில்லர் ராடும், சாதா இரும்புக்கு 70எஸ் வகை ராடும் ஏற்றவை.

பயிற்சியின் படிகள்

முதல் படிக்கு மின்சாரமே தேவையில்லை. கையுறை அணிந்து, ஃபில்லர் ராடைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் முன்னே தள்ளித் தள்ளி நகர்த்தப் பழக வேண்டும். தஸ்பீஹ் மணியை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டுவது போன்றதே இவ்வசைவு. கண்ணால் பாராமலே ராடு ஒரே சீராக நகரும் வரை, நாள்தோறும் கால் மணி நேரம் போதும். மற்றொரு கையால் பேனாவை டார்ச்சாகப் பிடித்துத் தாளுக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில், தாளைத் தொடாமல் நேர்கோட்டில் நகர்த்திப் பாருங்கள். முழங்கையை மேசையில் ஊன்றினால்தான் நடுக்கம் அடங்கும் என்பது அப்போது விளங்கும். பதினைந்து நாள் இதனைச் சலிக்காமல் செய்யும் பிள்ளைக்கு மெஷின் வாங்கித் தரலாம். மூன்றாம் நாளே அலுத்துக்கொள்பவனுக்குச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் செலவில்லாத தேர்வு இதுவே.

இரண்டாம் படி சுத்தம். ஆர்க் வெல்டிங் ஓரளவு துருவையும் பெயின்ட்டையும் பொறுத்துக்கொள்ளும். டிக் வெல்டிங் பொறுக்காது. தகட்டின் கறுப்புத் தோலையும் எண்ணெயையும் நீக்கி, உலோகம் பளிச்சிடும் வரை தேய்க்க வேண்டும். எவர்சில்வருக்கென்று தனி பிரஷ். இரும்பில் தேய்த்த பிரஷை அதில் வைத்தால் பின்னாளில் துருப்பிடிக்கும். ஊசியைப் பென்சில்போல் கூராக்கும்போது கீறல்கள் ஊசியின் நீளவாட்டில் ஓட வேண்டும். சுற்றுவாட்டில் ஓடினால் மின்வில் அலையும்.

மூன்றாம் படி, ராடு ஊட்டாமல் குட்டையை மட்டும் நகர்த்துதல். டார்ச்சு மெஷினின் எதிர்முனையில் இணைக்கப்பட வேண்டும். தகட்டின் பருமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது பழைய கணக்கு. 2 மில்லிமீட்டர் தகட்டிற்கு 70 முதல் 80 வரை வைத்துத் தொடங்கலாம். வாயு நிமிடத்திற்கு 7 முதல் 10 லிட்டர். டார்ச்சைச் செங்குத்திலிருந்து 15 பாகை சாய்த்து, குட்டை ஒரு சிறு காசளவு பளபளவென்று உருவானதும் மெல்ல முன்னே தள்ள வேண்டும். அகலம் மாறாமல் ஒரு சாண் தூரம் குட்டையைக் கொண்டுசெல்வதே இப்படியின் தேர்வு.

நான்காம் படி, ராடு ஊட்டுதல். ராடை மின்வில்லில் காட்டி உருக்கிச் சொட்ட விடுவது தொடங்குவோர் அனைவரும் செய்வது. ராடு குட்டையின் முன்விளிம்பைத் தொட்டு, அங்கே உருகிக் கரைய வேண்டும். எடுக்கும்போது அதன் நுனி வாயுக்குடைக்கு வெளியே போகலாகாது. போனால் காற்றுப்பட்டுக் கறுத்து, அடுத்த தொடலில் அழுக்கைக் குட்டைக்குள் கொண்டுவரும். ஊசி குட்டையைத் தொட்டுவிட்டால் உடனே நிறுத்தி, ஊசியை மீண்டும் தீட்ட வேண்டும். "இன்னும் கொஞ்சம் ஓட்டிவிடலாம்" என்ற சோம்பலில்தான் பழுதான ஒட்டுகள் பிறக்கின்றன. முடித்ததும் டார்ச்சை அப்படியே அசையாமல் எட்டுப் பத்து நொடி பிடித்திருக்க வேண்டும். அந்நேரத்து வாயுதான் சூடான ஊசியையும் ஒட்டின் கடைசிப் புள்ளியையும் காக்கிறது.

ஐந்தாம் படி, மூலை இணைப்பு, பின்னர் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய இணைப்பு, பிறகு ஆங்கில எழுத்து 'டி' போன்ற இணைப்பு, அதன்பின் நேருக்குநேர் இணைப்பு. குழாய் அனைத்திற்கும் கடைசி.

ஒட்டே ஆசிரியர்

வீட்டில் பயில்வோருக்குக் குறை சொல்ல ஆசான் அருகில் இல்லை. எனவே ஒட்டையே ஆசானாகக் கொள்ள வேண்டும். எவர்சில்வர் ஒட்டு வெள்ளியாகவோ வைக்கோல் நிறமாகவோ இருந்தால் நன்று. நீலம் வந்தால் வெப்பம் மிகுதி. இன்னும் விரைவாக நகர வேண்டும். சாம்பலாகக் கறுத்திருந்தால் வெப்பமும் காற்றும் சேர்ந்து கெடுத்துவிட்டன. புள்ளி புள்ளியாகத் துளையிருந்தால் வாயு கலைந்திருக்கிறது அல்லது தகடு அழுக்கு. தகட்டின் பின்புறம் சர்க்கரை உருகிப் பொரிந்ததுபோல் இருந்தால், பின்புறத்திற்கும் ஆர்கான் காப்புத் தேவைப்பட்டிருக்கிறது.

அழகான முகப்பை மட்டும் கண்டு மகிழ வேண்டாம். ஒட்டிய துண்டை வைஸில் பிடித்து மடக்கிப் பாருங்கள். குறுக்கே அறுத்து உட்புறம் பாருங்கள். மீன்செதில்போல் வரிசையாக மின்னும் ஒட்டு, மடக்கியதும் பிளந்துகொள்வதுண்டு. உள்ளே உருகாமல் மேலே மட்டும் படிந்த ஒட்டு அது. மடக்கிய துண்டுகளைத் தேதியிட்டு ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தால், மூன்று மாத முன்னேற்றத்தைக் கண்ணாரக் காணலாம். பட்டறை முதலாளியிடம் வேலை கேட்கச் செல்லும்போது அப்பெட்டியே நற்சாட்சி.

சான்றிதழ் எங்கே?

கை பழகியதோடு நின்றுவிட்டால் பிள்ளை ஆயுளுக்கும் உதவியாளனாகவே இருப்பான். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பாகும். எட்டாம் வகுப்புத் தேறியோரும் சேரலாம். அம்பத்தூர், கிண்டி, செங்கல்பட்டு ஆகிய ஊர்களில் அரசு நிலையங்கள் உள்ளன. எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு உண்டென்பதை நேரில் கேட்டறியுங்கள். அரசுப் பள்ளியில் பயின்று தொழிற்பயிற்சிக்குச் செல்லும் மாணவியருக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தமிழக அரசு வழங்கி வருகிறது. படிப்பு முடிந்ததும் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஆலைகளில் உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம். ஒரகடம் வட்டாரத்தில் வசிப்போருக்கு இவ்வாய்ப்பு வாசற்படியிலேயே இருக்கிறது.

பட்டறையிலேயே கற்று, படிப்புச் சான்று இல்லாத அண்ணன்மார் உண்டு. முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. உயர்நிலைப் பயிற்சி வேண்டுவோருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தில் 1975இல் நிறுவப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணுவோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அங்கு குழாய் வெல்டருக்கு வைக்கப்படும் தேர்வுகளில் பெயர்பெற்றது 6ஜி. 45 பாகை சாய்த்து அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிச் சுற்றி ஒட்ட வேண்டும். அடி ஒட்டு டிக் முறையில். மேல் அடுக்குகள் பெரும்பாலும் ஆர்க் ராடில். பிறகு எக்ஸ்ரே எடுத்தும் வளைத்தும் பார்ப்பர். வீட்டு மேசையில் தட்டையான தகட்டை ஒட்டிப் பழகியதை மட்டும் நம்பி இத்தேர்வுக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டிவிடாதீர்கள். அமெரிக்க விதிமுறைப்படி, தகுதி பெற்ற வெல்டரும் ஆறு மாதம் அம்முறையில் வேலை செய்யாதிருந்தால் அத்தகுதி காலாவதியாகிவிடுகிறது. அவ்வளவு விரைவில் கை மறக்கும் தொழில் இது! பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவில் வேலைக்குச் செல்ல, குடியேற்றப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி தேவை. எனவே அவ்வகுப்பையாவது முடித்துவிடுவது பெரும் தொல்லையைத் தவிர்க்கும். அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டு மூலமாகவே செல்ல வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

உழைத்து உண்பதின் மேன்மையைச் சொல்லும்போது, இரும்பு மென்மையாக்கித் தரப்பட்டு அதனால் கவசம் செய்த தாவூது நபி (அலை) அவர்களை நம் பெரியோர் நினைவூட்டுவர். இரும்பை வசப்படுத்தும் கை இழிவானதன்று. கரி படிந்த சட்டையோடு மாலையில் வீடு திரும்பும் மகனை, கழுத்துப்பட்டை அணிந்த உறவினர் மகனோடு ஒப்பிட்டுப் பேசாதிருப்பதே நீங்கள் செய்யும் முதல் உதவி.

அடுத்து, ஒரு கணக்கை எழுதி வையுங்கள். முதல் பதினைந்து நாள் செலவில்லாப் பயிற்சி. அடுத்த மாதம் பட்டறை ஒன்றில் நின்று பார்த்தல். அதன் பிறகும் ஆர்வம் குன்றாதிருந்தால் முகமூடி, கையுறை, காலணி, மின் இணைப்பு. கடைசியாக, கடன் இல்லாத பணத்தில் மெஷின். அதே ஆண்டில் தொழிற்பயிற்சி நிலையத்திற்கு விண்ணப்பம். இவ்வரிசையில் எந்தப் படியில் பிள்ளை நின்றுவிட்டாலும் குடும்பத்திற்குப் பெருநட்டம் இல்லை. எல்லாப் படியும் ஏறிவிட்டால், இவ்வட்டாரத்தில் எந்த ஆலை மூடினாலும் திறந்தாலும் அவன் கையில் ஒரு தொழில் இருக்கும்.

உங்கள் வீட்டில் இக்கேள்வி எழுந்தால், இக்கட்டுரையைப் பிள்ளையோடு சேர்ந்து அமர்ந்து படியுங்கள். அடுத்த திங்கள், வேறொரு கைத்தொழிலோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.